அந்நிய விலங்கும் அதன் வயிற்றில் வந்த புழுவும்

ஒரு தேசத்து விலங்கை மற்றொரு தேசத்திற்குக் கொண்டுபோய் விடுகிறவர்கள், தாங்கள் அவ்விலங்கை மாத்திரமே கொண்டுபோவதாக எண்ணுகின்றனர். கூண்டில் நான்கு விலங்குகள் இருந்தால் நான்கு என்றே கணக்கு எழுதப்படுகிறது. அந்நான்கின் குடலுக்குள் குடியிருக்கும் புழுக்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆயினும் விலங்கு காட்டில் பெருகுங்கால் புழுவும் அதனுடன் பெருகுகிறது. விலங்கைக் கொண்டுவந்தவர் காலஞ்சென்ற பின்னரும், அவர் பெயரையே கேட்டறியாத குடியானவர் வீட்டுப் பரணிலும், அவருடைய குழந்தைகள் விளையாடும் மண்ணிலும் அப்புழுவின் முட்டைகள் கிடக்கின்றன. லாபத்தை நாடியவர் ஒருவர். நஷ்டத்தைச் சுமப்பவர் வேறொருவர்.

இது எவ்வாறு நேர்கிறது என்பதையும், இதைத் தடுக்க ஜனங்கள் செய்யத்தக்கது இன்னது என்பதையும் ஜெர்மனி தேசத்தில் நடந்த ஒரு வரலாற்றைக் கொண்டு நன்கு அறியலாம்.

ரக்கூன் என்னும் விலங்கு

ரக்கூன் என்பது வட அமெரிக்காவுக்கு உரிய பிராணி. அது பெரிய பூனையின் அளவோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும், வாலில் கறுப்பு வளையங்களும் உண்டு. நம் பக்கத்து மரநாயைப் போல இரவில் நடமாடும். மரமும் கூரையும் ஏறும். முன்னங்கால் விரல்களைக் கைவிரல்களைப் போல உபயோகித்து மூடியைத் திறக்கவும் கதவுத் தாழை நீக்கவும் வல்லது. தவளை, மீன், பழம், மக்காச்சோளம், கோழி முட்டை, கோழி, எலி, குப்பைத் தொட்டியின் எச்சில் ஆகிய எல்லாம் அதற்கு ஆகாரம்.

இவ்விலங்குக்கு ஒரு விசேஷ வழக்கம் உண்டு. அது கண்ட இடத்தில் மலங்கழிப்பதில்லை. மரத்தின் அடி, வெட்டிய மரக்கட்டை, விறகுக் குவியல், கூரையின் மேல்தளம், வைக்கோற் பரண் போன்ற ஓர் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, பல ரக்கூன்கள் திரும்பத் திரும்ப அங்கேயே கழிக்கின்றன. கீழே சொல்லப்படும் தீங்குகள் பெரும்பாலும் இவ்விடங்களிலிருந்தே தோன்றுகின்றன. ஆதலால் இவ்வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனிக்கு வந்த விதம்

ரக்கூனின் மயிர்த்தோல் குளிர் தேசங்களில் மேலங்கிகள் செய்வதற்கு விலைபோவது. ஆகையால் ஐரோப்பாவில் பலர் அதைக் கூண்டுகளில் வளர்க்கத் தொடங்கினர். 1934ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 12ஆம் தேதி, ஹெஸ்ஸே பிரதேசத்தின் வடபாகத்திலுள்ள எடர் நீர்த்தேக்கத்தின் கரையில் இரண்டு ஜோடி ரக்கூன்கள் காட்டில் விடப்பட்டன. அவற்றின் சொந்தக்காரர் ஒரு கோழிப் பண்ணைக்காரர். அவருடைய வேண்டுகோளின்படி அவற்றை விட்டவர் பெர்லெப்ஷ் என்னும் வன அதிகாரி. காட்டு விலங்குகளின் வகையைப் பெருக்குவதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. வேட்டை இலாகாவின் அனுமதி வருவதற்கு முன்னரே விலங்குகள் விடப்பட்டு விட்டன. அனுமதி பின்னர் வந்து சேர்ந்தது.

1945ஆம் வருஷத்தில், யுத்தத்தின் முடிவுக் காலத்தில், பெர்லின் நகருக்குக் கிழக்கே வொல்ஃப்ஸ்ஹாகன் என்னுமிடத்திலிருந்த மயிர்த்தோல் பண்ணையின் மீது ஆகாய விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. அங்கிருந்து சுமார் 25 ரக்கூன்கள் தப்பி ஓடின. இவ்வாறு அத்தேசத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கூட்டங்கள் உண்டாயின.

ஹெஸ்ஸே பிரதேசத்துக் கூட்டம் 1956இல் சுமார் 285 என்று மதிக்கப்பட்டது. 1970இல் அது 20,000க்கு மேற்பட்டது. 2008ஆம் வருஷத்து மதிப்பின்படி ஜெர்மனி முழுவதிலும் 2,00,000 முதல் 4,00,000 வரை ரக்கூன்கள் இருந்தன. அதன் பின்னரும் அவை பெருகியே வந்துள்ளன. காஸ்ஸெல் நகரத்தில் அவை வீட்டுக் கூரைகளிலும் புகைபோக்கிகளிலும் குடியேறி, ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 100 வரை இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. நான்கு விலங்குகளில் தொடங்கிய காரியம் இவ்வளவுக்கு வளர்ந்தது.

புழுவின் இயல்பு

ரக்கூனின் சிறுகுடலில் ஒருவகை உருண்டைப் புழு வாழ்கிறது. பேலிஸ்அஸ்காரிஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். நம் குழந்தைகளின் வயிற்றில் காணும் நாக்குப்பூச்சியின் இனத்தைச் சேர்ந்ததே அது. பெண் புழு 8 அங்குலம் வரை நீளமிருக்கும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 1,00,000க்கு மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. ஒரு ரக்கூனின் குடலில் பல புழுக்கள் இருக்குமாதலால், ஒரே நாளில் அதன் மலத்தோடு பல லக்ஷம் முட்டைகள் வெளியேறுகின்றன. இவ்வளவு புழுக்களைச் சுமந்தும் வளர்ந்த ரக்கூனுக்கு வெளிக்குத் தெரியும் தீங்கு பெரும்பாலும் இல்லை.

புதிதாக வெளிப்பட்ட முட்டையால் உடனே தீங்கில்லை. 2 முதல் 4 வாரங்களில் முட்டைக்குள் இளம்புழு உருவாகிறது. அதன் பின்னரே அது வயிற்றுக்குள் போனால் அபாயம் விளைவிக்கும். இதற்குள் மலம் காய்ந்து உதிர்ந்து, மழையில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமற் போயிருக்கும். ஆனால் முட்டைகள் அங்கேயே மண்ணில் தங்கியிருக்கும். அவற்றின் மேல்தோல் மிகவும் உறுதியானது, பிசுபிசுப்பும் உடையது. ஈரமுள்ள மண்ணில் அவை வருஷக் கணக்காக உயிரோடு இருக்கும். பனிக்கட்டியின் குளிரும், சாதாரணமாகக் கிருமி நாசத்திற்கு உபயோகிக்கும் மருந்து நீர்களும் அவற்றைக் கொல்வதில்லை. கடுஞ்சூடு ஒன்றே அவற்றைக் கொல்லும்.

முட்டை மீண்டும் ரக்கூனை அடைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரக்கூன் குட்டிகள் தாயின் மயிரிலும் வளையிலும் ஒட்டியிருக்கும் முட்டைகளை நேராக விழுங்குகின்றன. வளர்ந்த விலங்குகள் எலிகளின் மூலமாகப் பெறுகின்றன. மலத்தில் ஜீரணமாகாமல் கிடக்கும் விதைகளையும் தானியங்களையும் பொறுக்க வரும் எலி, அவற்றோடு முட்டைகளையும் தின்கிறது. எலியின் குடலில் வெளிவந்த இளம்புழு குடலில் தங்குவதில்லை. உடலெங்கும் துளைத்துக்கொண்டு அலைகிறது. சில சமயம் மூளையிலும் புகுகிறது. மூளையில் ஒரே ஓர் இளம்புழு புகுந்தாலும் எலி தடுமாறிச் சுழலும், ஓட மாட்டாது. அவ்வெலியை ரக்கூன் எளிதில் பிடித்துத் தின்கிறது. எலியின் சதையிலிருந்த இளம்புழு ரக்கூனின் குடலை அடைந்து பெரிய புழுவாகிறது. சுற்று இவ்வாறு முடிந்து மறுபடியும் தொடங்குகிறது.

மனிதருக்கு நேரும் தீங்கு

இப்புழுவின் விஷயத்தில் மனிதனும் எலியும் ஒன்றே. முட்டை மனிதன் வயிற்றுக்குள் போனால், இளம்புழு குடலில் தங்கிப் பெரிதாவதில்லை. ஈரல், நுரையீரல், கண், மூளை ஆகிய இடங்களுக்கு அலைந்து செல்கிறது. அலையும்போதே அது பெரிதாகிக் கொண்டும் போகிறதாதலால் விளைவு கடுமையாகிறது. கண்ணுக்குட் புகுந்தால் பார்வை கெடும். மூளைக்குட் புகுந்தால் வலிப்பும், அறிவு மழுங்கலும், கைகால் முடக்கமும், சில சமயம் மரணமும் நேரும். இப்புழுவினால் அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தை இறந்த செய்தி 1984இல் வைத்திய நூல்களில் வெளியாயிற்று. ஜெர்மனியில் ஒருவருடைய கண்ணில் உண்டான கோளாறு பெரும்பாலும் இப்புழுவினாலேயே ஆகியிருக்க வேண்டுமென்று 1993இல் வைத்தியர்கள் எழுதினர்.

இவ்வியாதியைக் கண்டறிவது கஷ்டம். சாதாரணக் குடற்புழுவானால் மலத்தைச் சோதித்து முட்டைகளைக் காணலாம். இங்கே புழு குடலில் இல்லாமையால் நோயாளியின் மலத்தில் ஒன்றும் காணப்படாது. ரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதித்தே அறிய வேண்டும். முட்டையை விழுங்கிய சில நாட்களுக்குள் அல்பெண்டசோல் என்னும் மருந்தைக் கொடுத்தால், இளம்புழு மூளையை அடையுமுன் தடுக்கலாம். நம் நாட்டில் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் மருந்தும் இதுவே. ஆனால் இந்நோய்க்கு அது தரப்படும் அளவும் நாட்களும் வேறு. வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். மூளையில் சேதம் ஏற்பட்ட பின்னர் எம்மருந்தும் அதைச் சரிப்படுத்துவதில்லை.

இவ்வியாதி மனிதருக்கு அரிதாகவே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஜனங்கள் ரக்கூன்களுக்கு அருகில் வாழ்ந்தும், மூளையைத் தாக்கிய கடும் நோயாகப் பதிவானவை சில டஜன்களே. அவற்றில் பல, மண்ணையும் மரச்சிம்புகளையும் வாயிலிட்டுக் கொள்ளும் சிறு குழந்தைகளுக்கு நேர்ந்தவை. ஆதலால் பயந்து நடுங்க வேண்டுவதில்லை. எனினும், வந்த பின் தீராத வியாதியாதலால் வருமுன் காப்பதே தக்கது.

இரண்டு கூட்டங்களின் வேற்றுமை

ஜெர்மனியின் இரண்டு கூட்டங்களையும் ஆராய்ந்தவர்கள் ஒரு விசேஷத்தைக் கண்டனர். எடர் நீர்த்தேக்கத்திலிருந்து பரவிய ரக்கூன்களில் 100க்கு 70 வீதம் இப்புழு இருந்தது. பெர்லினுக்குக் கிழக்கே பண்ணையிலிருந்து தப்பிய கூட்டத்தின் சந்ததியிலோ முற்காலத்து ஆராய்ச்சிகளில் அது காணப்படவே இல்லை. தேசம் ஒன்று, சீதோஷ்ணம் ஒன்று, விலங்கும் ஒன்று. பின் ஏன் இவ்வேற்றுமை?

முதலில் வந்த சில விலங்குகளே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அந்தச் சிலவற்றில் ஒன்றின் குடலில் புழு இருந்தால், பின்வரும் லக்ஷக்கணக்கான சந்ததிக்கும் அது சொத்தாகப் போய்ச் சேர்கிறது. அவற்றில் புழு இல்லையானால் சந்ததியும் அதை அறியாது. விதை நெல்லில் களை விதை கலந்திருந்ததா இல்லையா என்பதைப் போன்றதே இது.

ஜப்பான் தேசத்தின் அநுபவமும் இதை விளக்குகிறது. 1977இல் அங்கே ரக்கூன் குட்டி ஒன்றைப் பற்றிய டெலிவிஷன் சித்திரத் தொடர் ஒன்று காட்டப்பட்டது. குழந்தைகள் அதைக் கண்டு ஆசைப்பட்டனர். அமெரிக்காவிலிருந்து ஏராளமான ரக்கூன்கள் வளர்ப்புக்காக இறக்குமதியாயின. வளர்ந்த ரக்கூன் வீட்டில் அடங்கி இராதாதலால் பலர் அவற்றைக் காட்டில் விட்டனர். பல தாமாகவே தப்பின. இன்று அவை அத்தேசத்தின் பல பாகங்களிலும் பயிர்களை அழிக்கின்றன. காட்சிச் சாலைகளில் கூண்டிலிருந்த சில ரக்கூன்களில் இப்புழு காணப்பட்டதாயினும், காட்டு ரக்கூன்களை அதிக எண்ணிக்கையில் சோதித்தபோது அது தென்படவில்லை. ஜப்பானியர் இவ்வொன்றில் தப்பினர். ஆனால் அது முன்யோசனையின் பலனன்று.

ஜெர்மனியிலும் இவ்வேற்றுமை நிலைக்கவில்லை. இரண்டு கூட்டங்களும் பரவி ஒன்றோடொன்று கலந்தன. கிழக்குப் பிரதேசங்களிலும் புழு காணப்படலாயிற்று. போலந்து, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய தேசங்களின் ரக்கூன்களிலும் அது கண்டறியப்பட்டுள்ளது.

உள்ளூர்ப் புழுவுக்கு இடங்கொடுக்கும் விலங்கு

அந்நிய விலங்கு தன் புழுவைக் கொண்டுவராவிட்டாலும் தீங்கு வேறு வழியில் வரக்கூடும். மஸ்க்ராட் என்னும் நீரெலியும் வட அமெரிக்காவுக்கு உரியதே. 1905இல் பிராகா நகருக்கு அருகிலுள்ள டோப்ரீஷ் என்னும் ஊரில் ஒரு பிரபு தம் குளத்தில் ஐந்து நீரெலிகளை விட்டார். சில பத்து வருஷங்களில் அவை மத்திய ஐரோப்பா எங்கும் பரவின. அவை ஆற்றங்கரைகளையும் கால்வாய்க் கரைகளையும் துளைத்து வளை தோண்டுகின்றன. கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த நிலங்களை உடைய நெதர்லாந்தில், கரைகளைக் காக்கும் நீர் வாரியங்கள் இவ்வெலிகளைப் பிடிப்பதற்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன.

ஐரோப்பாவில் நரியின் குடலில் ஒருவகைச் சிறு நாடாப்புழு பன்னெடுங் காலமாக இருந்து வருகிறது. நரியின் மலத்திலுள்ள அதன் முட்டையைத் தின்ற வயல் எலிகளின் ஈரலில் இளம்புழுக் கட்டிகள் உண்டாகின்றன. அவ்வெலியைத் தின்ற நரிக்கு மீண்டும் புழு வருகிறது. புதிதாக வந்த நீரெலியும் இச்சுற்றில் ஓர் இடம் பெற்றது. அதன் ஈரலிலும் கட்டிகள் ஏராளமாகக் காணப்படுகின்றன. இம்முட்டை மனிதன் வயிற்றில் போனால், பல வருஷங்கள் கழித்து ஈரலில் புற்றைப் போல வளரும் கடும் வியாதி தோன்றுகிறது. ஆகவே அந்நிய விலங்கு தன் புழுவைக் கொண்டுவருவதும் உண்டு. உள்ளூர்ப் புழுவுக்குப் புதிய இருப்பிடமாவதும் உண்டு.

தடுக்கும் முறைகள்

ரக்கூன் நடமாடும் தேசங்களில் ஜனங்களுக்குச் சொல்லப்படும் முறைகள் சிக்கலானவை அல்ல.

முதலாவது, விலங்கை வீட்டுக்கு இழுக்கும் காரணங்களை நீக்குதல். எச்சில் தொட்டிகளை இறுக மூட வேண்டும். பூனைக்கும் நாய்க்கும் வைத்த சோற்றை இரவில் வெளியே விடலாகாது. கோழிக் கூண்டை உறுதியான கம்பி வலையால் அடைக்க வேண்டும். கூரைச் சந்துகளை மூட வேண்டும். கூரை மேல் சாயும் கிளைகளை வெட்ட வேண்டும்.

இரண்டாவது, மலங்கழிக்கும் இடங்களைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தல். முட்டையில் இளம்புழு உருவாக 2 வாரங்களாவது ஆகுமாதலால், அதற்குள் அகற்றினால் அபாயம் மிகக் குறைவு. கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தூசி எழாதபடி சிறிது நீர் தெளித்து, மலத்தையும் மேல் மண்ணையும் வாரி எரித்துவிட வேண்டும். பின்னர் அவ்விடத்தில் கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டும். தீப்பிடிக்காத இடமானால் தீயினாலும் சுடலாம். மண்வெட்டியையும் கொதிநீரில் கழுவி, கைகளைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். மருந்து நீர் தெளிப்பதோடு நிறுத்தினால் பயனில்லை என்பது மேலே சொல்லப்பட்டது. ரக்கூன் கழித்த பரணிலிருந்து எடுத்த வைக்கோலைக் கால்நடைகளுக்குப் போடலாகாது.

மூன்றாவது, வீட்டு நாய்களுக்குக் காலந்தவறாமல் புழுமருந்து கொடுத்தல். இப்புழு சில சமயம் நாயின் குடலிலும் பெரிதாகி முட்டையிடக் கூடும்.

நான்காவது, காட்டு ரக்கூன்களுக்கே மருந்து கொடுத்தல். அமெரிக்காவில் இண்டியானா, இல்லினாய் மாகாணங்களில், மலங்கழிக்கும் இடங்களைச் சுத்தம் செய்துவிட்டு, புழுமருந்து கலந்த இரையைக் காட்டில் வைத்துப் பார்த்தனர். மண்ணில் முட்டைகள் குறைந்தன. எலிகளில் இளம்புழுக்களும் குறைந்தன. ஆயினும் இரை வைப்பதை நிறுத்தினால் புழு மறுபடியும் தலையெடுக்குமாதலால், இது தொடர்ந்து செய்யவேண்டிய வேலை.

மேற்சொன்னவற்றில் எதையும் ஒரு வீட்டார் மாத்திரம் செய்து முழுப் பயன் அடைய முடியாது. ரக்கூன் ஓரிரவில் பல தோட்டங்களைச் சுற்றும். ஒருவர் தம் தொட்டியை மூடி, அடுத்தவர் திறந்து வைத்தால், விலங்கு அத்தெருவை விட்டுப் போவதில்லை. தெருவார் அனைவரும் ஒரே காலத்தில் செய்தால் செலவு சொற்பம், பலன் அதிகம்.

இவையெல்லாம் வந்த பின் செய்யும் வேலைகள். வராமல் தடுப்பதற்குச் சட்டமும் வேண்டும். ஜப்பானில் 2004இல் இயற்றப்பட்ட சட்டமும், 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட அந்நிய உயிர்களின் பட்டியலும் ரக்கூனை இறக்குமதி செய்வதையும், வளர்த்து விற்பதையும், காட்டில் விடுவதையும் கட்டுப்படுத்துகின்றன. 1934இல் விட்ட நான்கு விலங்குகளுக்கு 82 வருஷங்கள் கழித்து வந்த சட்டம் அது.

நம் கிராமங்களுக்கு உரியது

ரக்கூன் இந்தியக் காடுகளில் இல்லை. ஆனால் அதே வகையான தீங்கு நம் தெருக்களிலும் உண்டு. நாய்க்குட்டிகளின் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டைகளும் மண்ணில் கிடந்து, சில வாரங்களில் முதிர்ந்து, குழந்தைகளின் கையோடு வாய்க்குள் போகின்றன. அவ்விளம்புழுவும் ஈரலிலும் கண்ணிலும் அலைந்து பார்வையைக் கெடுக்கக் கூடியது. தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு இப்புழு வந்து விடுகிறது. ஆதலால் வீட்டில் நாய் வளர்ப்போர் குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் கால்நடை வைத்தியரைக் கேட்டுப் புழுமருந்து கொடுக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் மணலில் நாய் மலங்கழித்தால் அன்றன்றே அகற்ற வேண்டும். உண்ணுமுன் கை கழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு உண்டாக்க வேண்டும்.

அழகுக்காகவும் லாபத்துக்காகவும் வெளிதேசத்து மீன், ஆமை, முயல், பறவை முதலியவற்றை வாங்கி வளர்க்கும் வழக்கம் இக்காலத்தில் பெருகி வருகிறது. அவற்றை வளர்க்க இயலாமற் போனால் ஏரியிலோ காட்டிலோ விட்டுவிடுவது புண்ணியம் என்று சிலர் நினைக்கின்றனர். அது தவறு. வளர்க்க இயலாத பிராணியை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது கால்நடை இலாகாவையோ வன இலாகாவையோ கேட்டு நடக்க வேண்டும். சங்கத்தின் மூலமாகப் புதிய ஜாதிக் கால்நடையோ கோழியோ மீன்குஞ்சோ வாங்கும்போது, வந்தவற்றைச் சில வாரங்கள் தனியே வைத்து, அவற்றின் மலத்தைச் சோதிப்பித்து, வேண்டிய மருந்து கொடுத்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அச்சோதனைக்கு ஆகும் சிறு செலவைச் சங்கத்தின் பொதுச் செலவில் சேர்த்துக்கொள்வது, பின்னால் ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியே படும் நஷ்டத்தைத் தவிர்க்கும்.